நிலவுக்குத் தந்த நாமக்கல் மண்

பாம்பு நிலவை விழுங்குகிறதாம்! மயிலைக் குளக்கரையில் இன்றும் அப்படிச் சொல்வோர் உண்டு. சொல்லட்டும். 2023 ஆகஸ்டு 23 அன்று அந்த நிலவில் சந்திரயான்-3 இறங்கியது; 'பிரக்யான்' என்னும் ஆறு சக்கர ஊர்தி அதன் மண்ணையே சோதித்தது.

எப்படி? கியூரியம் என்ற கதிரியக்கப் பொருளின் கதிர்களைத் தரைமீது பாய்ச்சினார்கள். கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும். கள்ளனைக் காட்டிக் கொடுக்கும் கைரேகை போல! 103 மீட்டர் ஓடி, 23 இடங்களில் பார்த்தார்கள். லேசர் பாய்ச்சும் இன்னொரு கருவி, கந்தகமும் இருக்கிறது என்றது.

கண்ட முடிவு என்ன? அங்கே கிடப்பது பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் வெண்பாறையின் பொடி. ஆதியில் நிலவு கொதிக்கும் குழம்பாய்க் கிடந்தது, எடை குறைந்த கனிமம் பாலாடை போல மேலே மிதந்து உறைந்தது என்ற கொள்கைக்கு அது வலுவான சான்று.

தோழர்களே, அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கிறது! அதைப் பொடியாக்கித்தான் பெங்களூரில் செயற்கை நிலவுத்தரை அமைத்துச் சோதனை நடத்தினர். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் யார்? விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன்; பாலிடெக்னிக்கில் படித்து, பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஜாதகமா அவரை உயர்த்தியது? படிப்பு!

இறங்கிய இடத்துக்கு 'சிவசக்தி' என்று பெயர் சூட்டியது டில்லி. மண் கொடுத்த சித்தம்பூண்டியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தின் வாயிலிலேயே அந்தக் கல் ஒன்றை, நல்ல தமிழில் விளக்கம் எழுதி வைக்க வேண்டும் என்கிறோம். கண்ணாடிக்குள் பூட்டி அல்ல. தியாகராய நகர்க் கடைகளுக்கு மூட்டை சுமக்கும் தோழன், விடுமுறை நாளில் பிள்ளையோடு வந்து தொட்டுப் பார்க்கும்படி!