கடிதத்தைப் படியுங்கள், பிறகு தபால்காரரைத் திட்டலாம்

அன்பு மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டுக் கமெண்ட் போடுகிறவர்கள் தயவுசெய்து மீதியையும் படித்துவிட்டுப் போடுங்கள். வகுப்பிலும் இதையேதான் சொல்வேன், ஞாபகம் இருக்கும்.

ஜூன் 9 அன்று எட்வர்ட் ஸ்னோடன் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2013-ல் அதே நாளில்தான், அமெரிக்க உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தது தான்தான் என்று, ஹாங்காங் ஓட்டல் அறையிலிருந்து அந்த 29 வயது இளைஞர் வெளிப்படையாகச் சொன்னார். கீழே கமெண்டுகள் குவிந்துவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன், "அத்தை, அவன் ரஷ்யாவின் கைக்கூலி. இல்லாவிட்டால் மாஸ்கோவில் ஏன் போய் உட்கார வேண்டும்?" என்கிறான். பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "டீச்சர், அவனுக்கு மேலதிகாரிகளோடு தகராறு. அந்தக் கடுப்பில் செய்தது" என்கிறார். விளம்பர ஆசை என்று இரண்டு பேர். இன்னொரு மாணவி அவரைக் காந்திக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் படித்தேன். அந்த ஆவணங்களில் என்ன இருந்தது என்று ஒரு கமெண்டில்கூட இல்லை. திட்டியவர்களும் சொல்லவில்லை, புகழ்ந்தவர்களும் சொல்லவில்லை. என் கோபம் அதில்தான்.

சரி, என்ன இருந்தது? 2013 ஜூன் 5 அன்று 'கார்டியன்' பத்திரிகையில் முதலில் வந்தது ஒரு நீதிமன்ற உத்தரவு. ரகசியமாக இயங்கும் ஒரு நீதிமன்றம், வெரிசான் தொலைபேசி நிறுவனத்துக்கு இட்டது. யார் யாரை அழைத்தார்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்ற விவரத்தை நாள்தோறும், மொத்தமாக, தேசியப் பாதுகாப்பு முகமையிடம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேசிய பேச்சு அதில் அடங்காது. ஆனால் சந்தேகப்பட்ட ஆள், குற்றம் செய்த ஆள் என்ற வரம்பும் கிடையாது. எல்லோருடையதும்.

இதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, மார்ச் 12 அன்று, அமெரிக்க செனட் குழுவில் ரான் வைடன் என்ற உறுப்பினர், உளவுத்துறைகளின் தலைமை அதிகாரி ஜேம்ஸ் கிளாப்பரிடம் நேருக்கு நேர் கேட்டார்: கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தகவல் எதையாவது சேகரிக்கிறீர்களா? இல்லை என்றார் கிளாப்பர். தெரிந்து செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மக்கள் பிரதிநிதிகள் முன்னால், கேமரா முன்னால் சொன்ன பதில் இது. ஆவணம் வெளிவந்ததும் அந்தப் பதில் பொய் என்று ஊருக்கே தெரிந்துபோனது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜனவரியில், தனியுரிமையைக் கண்காணிக்கும் அரசு வாரியம் ஆராய்ந்துவிட்டு, தீவிரவாத விசாரணை ஒன்றின் முடிவையாவது இந்தத் திட்டம் உருப்படியாக மாற்றியதற்கு உதாரணம் கிடைக்கவில்லை என்றது. 2015 மே 7 அன்று நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இதற்கு அனுமதி தரவில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2020-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்றது.

இந்தத் தீர்ப்புகளில் எதுவும் ஸ்னோடன் நல்லவர் என்ற அடிப்படையில் வந்ததா? இல்லை. கடைந்தெடுத்த சுயநலக்காரராக இருந்திருந்தாலும் இவை இப்படியேதான் வந்திருக்கும்.

இப்போது நோக்கத்துக்கு வருவோம். அவருக்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் மறைக்கப் போவதில்லை. 2016-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழு அவரை மனக்குறை பிடித்த ஊழியர் என்றது. 2012 ஜூனில் மேலதிகாரிகளோடு தகராறு செய்து கண்டிக்கப்பட்டதாகவும், இரண்டு வாரத்தில் ஆவணங்களை மொத்தமாக இறக்கத் தொடங்கியதாகவும் சொன்னது. கிளாப்பரின் பொய்யைக் கேட்டபோதுதான் பொறுமை உடைந்தது என்பது ஸ்னோடன் சொன்ன காரணம். குழுவின் கணக்குப்படி பதிவிறக்கம் அதற்கு எட்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. இது லேசான கேள்வி இல்லை. வெளிநாட்டு உளவு வேலைகள் பற்றிய ஆவணங்களும் அவர் எடுத்ததில் இருந்தன. அவற்றை எடுத்தது சரியா என்றால், எனக்கும் தயக்கம் உண்டு.

மாஸ்கோ விஷயமும் அப்படித்தான். ஹாங்காங்கை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்தது. மாஸ்கோ விமான நிலையத்திலேயே ஏறக்குறைய 40 நாள் கிடந்தார். இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிடம் தஞ்சம் கேட்டார். நம் இந்தியாவிடமும் கேட்டார், நாம் மறுத்துவிட்டோம். ரஷ்யா கொடுத்தது. 2022 செப்டம்பரில், உக்ரைன் மீது படையெடுத்து ஏழு மாதம் ஆகியிருந்த நேரத்தில், புடின் கையெழுத்தில் குடியுரிமையும் கொடுத்தது. மனசாட்சியைப் பற்றிப் பேசிய ஒருவருக்கு இது அழகான இடம் இல்லை. தம்பி மகனே, இதில் உன்னோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் 2022-ல் அவர் எந்த நாட்டுக் குடிமகன் ஆனார் என்பது, 2013-ல் வெரிசான் உத்தரவில் எழுதியிருந்த ஒரு வரியையாவது மாற்றுமா?

ஒருவர் வாய்வார்த்தையாக மட்டும் 'நான் பார்த்தேன்' என்றால், அவருக்கு என்ன உள்நோக்கம் என்று கேட்பது நியாயம். அவரைத் தவிர வேறு சாட்சி இல்லையே. கையில் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், முதலில் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதுதான் முறை.

நோக்கத்தைக் கிளறுவது அதிகாரத்தின் பழைய வழக்கம். வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை டேனியல் எல்ஸ்பெர்க் 1971-ல் வெளியே கொடுத்தார். அடுத்தடுத்து வந்த அரசுகள் போரைப் பற்றி மக்களுக்குச் சொன்னதும் உள்ளே தெரிந்து வைத்திருந்ததும் வேறு வேறு என்று அதில் இருந்தது. வெள்ளை மாளிகை என்ன செய்தது? அந்த செப்டம்பரில் ஆட்களை ஏவி, எல்ஸ்பெர்க்குக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவரின் அலுவலகப் பூட்டை உடைத்தது. அவர் மனதில் ஏதாவது கோணல் கிடைக்குமா என்று தேடத்தான். 1973-ல் வழக்கே தள்ளுபடி ஆனதற்கு அந்தத் திருட்டும் ஒரு காரணம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதே வழக்கில், ஏன் அந்த ஆவணங்களை நகலெடுத்தீர்கள் என்று எல்ஸ்பெர்க்கின் வக்கீல் அவரையே கூண்டில் வைத்துக் கேட்டார். அரசுத் தரப்பு எழுந்து ஆட்சேபித்தது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று நீதிபதி தடுத்துவிட்டார். இன்றும் நிலைமை அதேதான். ஸ்னோடன் மீது போட்டிருப்பதும் அதே 1917-ம் வருட உளவுச் சட்டம். பொதுநலனுக்காகச் செய்தேன் என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. அந்த வாதத்தை ஜூரிகள் கேட்க அனுமதித்தால் திரும்பி வந்து விசாரணையை எதிர்கொள்கிறேன் என்று 2019-ல் அவர் சொன்னார். அனுமதி வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். டி.வி.யில் அவர் நோக்கத்தைப் பற்றிப் பேசலாம். நாடாளுமன்ற அறிக்கையில் பேசலாம். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் பேசலாம். அவர் எழுந்து நின்று பதில் சொல்லக்கூடிய ஒரே இடமான நீதிமன்றத்தில் மட்டும் பேசக்கூடாது! நோக்கம் அவ்வளவு முக்கியம் என்றால் அங்கேதானே முதலில் கேட்க வேண்டும்? அங்கே அது சம்பந்தமில்லாதது என்றால் நமக்கு மட்டும் எப்படி அதுவே எல்லாமும் ஆனது?

ஹீரோ என்று எழுதிய மாணவிக்கும் ஒரு வார்த்தை. நீயும் அதே தவறைத்தான் செய்கிறாய் அம்மா. தூய்மையானவர், அதனால் சொன்னது உண்மை என்கிறாய். நாளைக்கு ஒரு கறை தெரிந்தால் சொன்னதையும் சேர்த்துத் தூக்கி எறிவாயா? வாட்டர்கேட் விவகாரத்தில் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபருக்கு ரகசியமாக உதவியவர் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் இடத்து அதிகாரி மார்க் ஃபெல்ட் என்று 2005-ல் தெரியவந்தது. தலைமைப் பதவி தனக்கு வராத ஆத்திரம் அவருக்கு இருந்தது என்று எழுதியவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் வீடு புகுந்து சோதனை போட உத்தரவிட்டதற்காக அவரே 1980-ல் தண்டிக்கப்பட்டவர். மகான் இல்லை. அதற்காக நிக்சன் நிரபராதி ஆகிவிட்டாரா?

ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். என் கதை ஒன்று இருக்கிறது. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

ஒரு பள்ளியில் நான் பொறுப்புத் தலைமையாசிரியையாக இருந்தபோது, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா என்னிடம் வந்து, மூட்டை அரிசியில் எடை குறைகிறது, பதிவேட்டில் இருப்பது இருப்பில் இல்லை என்றார். அதற்கு முந்தின வாரம்தான் லீவு விஷயத்தில் அமைப்பாளரோடு அவருக்கு வாய்த்தகராறு நடந்திருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "அவர் மேல் இருக்கிற கோபத்தில் சொல்கிறாயா?" அந்த அம்மா ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நான் மூட்டையை எடை போடவில்லை. பல மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் போட்டார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது. அத்தனை மாதமும் மதியத் தட்டில் குறைந்த சோறு உங்களில் சிலருடையது.

அவருக்குக் கோபம் இருந்தது உண்மைதான். அரிசி குறைந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

நோக்கத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தண்டனை என்று முடிவு செய்யும்போது கேளுங்கள். வேறு எதை எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று விசாரிக்கும்போதும் கேளுங்கள். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் அது இரண்டாவது கேள்வி. சொன்னது உண்மையா என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்கு மட்டும் ஓடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ அரிசி எடுத்தவருக்குத்தான் உதவி செய்கிறார். நான் செய்தேனே.

திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாவது குறளை ஒப்பித்து என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்தவர்கள் எடுத்துப் பாருங்கள்.

கமெண்ட் போடுங்கள், சண்டையும் போடுங்கள். ஒரே நிபந்தனை: முதல் வரியில் அந்த ஆவணங்களில் இருந்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். இரண்டாவது வரியிலிருந்து ஸ்னோடனை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்