ஆறு விசிலில் பிரெஞ்சு சமையலா?

மார்கழிப் பனி இறங்கினால் போதும், நெய்வேலி நகரியத்தில் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் வெளியே வந்துவிடும். கூடவே யாராவது ஒருவருக்கு டிவியில் பார்த்த பிரெஞ்சு ஆட்டுக்கறி மேல் ஆசையும் வந்துவிடும். அப்புறம் நடப்பது தெரிந்த கதைதான். ஓவன் இல்லை, ஒயின் இல்லை, இளம் செம்மறிக் கறி கிடைக்காது என்று மூன்று புலம்பல். கடைசியில் குக்கரில் போட்டு ஆறு விசில். பிரெஞ்சு மட்டன் ரெடி!

இதைவிடப் பெரிய மோசடி கிடையாது.

இந்தச் சமையலுக்கு பிரெஞ்சில் 'ப்ரெஸே' என்று பெயர். வேர்ச்சொல் 'ப்ரேஸ்', அதாவது தணல். அந்தக் காலத்தில் கனமான பாத்திரத்தைத் தணலில் வைத்து, மூடி மேலும் தணலைப் போட்டு வேகவிட்டார்கள். நம் பிரியாணி மாஸ்டர் தம் போடுவதும் இதேதானே? பழுப்பு நிலக்கரியிலிருந்து லெகோ கரி செய்து வீட்டு அடுப்புகளுக்கு விற்ற ஊர் இது. தணலைப் பற்றி இந்த ஊருக்கு யார் பாடம் எடுப்பது?

ஒயின் புளிப்புக்கும் மணத்துக்கும்தான். பக்கத்தில் இருக்கும் பாண்டிச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நம் வெங்காய வடகம் அங்கிருந்து போய் 'வடூவான்' என்ற பெயரில் பிரெஞ்சு சமையலில் உட்கார்ந்துகொண்டது. அவர்களுக்கு இல்லாத தயக்கம், ஒயினுக்குப் பதில் தக்காளியும் ஒரு கரண்டி வினிகரும் ஊற்ற நமக்கு எதற்கு?

இளம் கறியும் வேண்டாம். வெள்ளாட்டின் முன்னந்தொடையில் சவ்வு அதிகம். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகும்போது அந்தச் சவ்வு கரைந்துதான் குழம்பு கெட்டியாகிறது. குக்கரின் 120 டிகிரியிலும் சவ்வு கரையும், மறுப்பதற்கில்லை. ஆனால் கறி சாறிழந்து நார்நாராகிவிடும். ஆவி அதிகம் வெளியேறாததால் குழம்பும் வற்றாது, தண்ணியாகவே நிற்கும். பச்சைக் கறியை அப்படியே போட்டு மூடினால் வறுத்த மணமும் கிடையாது. அந்த மணம் எப்படி வருகிறது என்று 1912லேயே விளக்கத் தொடங்கிய மாய்யார், ஒரு பிரெஞ்சுக்காரர்!

செய்முறை இவ்வளவுதான். ஒரு கிலோ எலும்புக் கறியைப் பெரிய துண்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் சிவக்க வறுக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, கேரட், மிளகு, பிரிஞ்சி இலை, தக்காளி, வினிகர், உப்பு. தண்ணீர் பாதிக் கறி மூழ்கும் அளவுக்கு மட்டும். மூடி, சிம்மில் மூன்று மணி நேரம். அவ்வப்போது புரட்டிவிட்டு, தண்ணீர் பார்த்துக்கொண்டால் போதும்.

கேஸ் வீண் என்பவர்கள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து, சாப்பிட்டுவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.