மௌனமும் குற்றமே

உசிலம்பட்டி வட்டாரத்தில் கபடிக்கு இருக்கும் செல்வாக்கை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழைக் குடியானவனின் பிள்ளை விளையாட்டில் தேர்ந்தால், அந்த ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமும் பின்னர் உத்தியோகமும் கிடைக்கக் கூடும். அணியில் யாரைச் சேர்ப்பது, வெளியூர்ப் பந்தயத்துக்கு யாரை அழைத்துச் செல்வது என்பதெல்லாம் பயிற்சியாளரின் வாய்ச்சொல்லைப் பொறுத்தவை. பயிற்சியாளர்களில் மிகப் பெரும்பாலோர் யோக்கியர்கள் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால், ஒருவர் அயோக்கியராக வாய்த்துவிட்டால் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

சென்னையில் 2021 மே மாதம் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். தாம் சிறுமியாயிருந்த காலந்தொட்டு அவர் தகாத முறையில் நடந்துகொண்டதாக 19 வயதுப் பெண்ணொருவர் புகார் செய்திருந்தார். அதன் பிறகே வேறு சிலரும் வாய் திறந்தனர். அத்தனை வருஷம் அவர்கள் வாயை அடைத்திருந்தது எது?

“விஷயம் வெளியே போக வேண்டாம், நாமே விசாரித்துக்கொள்வோம்” என்பது ஸ்தாபனங்களின் வழக்கமான பேச்சு. அதன் பலனை அமெரிக்காவில் பார்த்தாயிற்று. லாரி நாஸர் என்ற விளையாட்டு வைத்தியர் மீது 2014-இல் புகார் வந்தபோது, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் தானே விசாரித்து, குற்றமில்லை என்று விட்டுவிட்டது. 2016-இல் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகே அவர் பிடிபட்டார். 2018 ஜனவரியில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்கள் கதையைச் சொன்னார்கள். 40 முதல் 175 வருஷம் வரை சிறைவாசம் விதிக்கப்பட்டது.

நம் நாட்டில் 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. 18 வயது நிறையாத பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவரும், நேரக்கூடுமென்று அஞ்சுபவரும் போலீஸாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் ஸ்தாபனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்துடன் தகவல் கொடுத்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடவும் கூடாது. போலீஸார் சீருடையின்றி, பிள்ளையின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பெற வேண்டும். குடும்ப மானம் போய்விடுமென்று கலங்கும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் பிள்ளையைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்வதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அது போலீஸாரின் வேலை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு மைதானத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பெண்மணி ஒருவர் துணை வராவிட்டால், பெண் பிள்ளைகளை வெளியூர்ப் பந்தயத்துக்கு அனுப்பப் பள்ளிகள் சம்மதிக்கலாகாது.