‘வரி கட்டுறவங்க’ என்றொரு சாதி

கொஞ்ச காலமாக ஒரு புதுச் சாதி உருவாகி வருகிறது. அதற்கு ‘வரி கட்டுறவங்க’ என்று பெயர். கெங்கவல்லி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து தில்லி தொலைக்காட்சி வரைக்கும் இந்தச் சாதிக்காரர்கள் ஒரே குரலில் பேசுகிறார்கள். “எங்க வரிப்பணத்துல ஓசி பஸ்ல போறாளுங்க, ஓசி அரிசி திங்கிறானுங்க, அப்புறம் எவன் காட்டு வேலைக்கு வருவான்?”

கடைசியில் வருகிற அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். வயிற்றெரிச்சல் அரிசிக்காக இல்லை. விடியுமுன்னே சேரி முனையில் வந்து நின்று “எவன்டா இருக்கீங்க, வாங்கடா” என்றால் முன்மாதிரி ஆள் ஓடி வருவதில்லை. அந்தக் கோபத்துக்குத்தான் ‘வரிப்பணம்’ என்று கௌரவமான பெயர் கிடைத்திருக்கிறது.

சரி, வரி கட்டுவது யார்? கணக்கையே பார்த்துவிடுவோம்.

விவசாய வருமானத்துக்கு இந்த நாட்டில் வருமான வரி கிடையாது. மஞ்சளும் குச்சிக்கிழங்கும் மக்காச்சோளமுமாக இருபது ஏக்கர் பண்ணையம் பண்ணுகிறவர், விளைச்சல் பணத்துக்கு ஒரு பைசா வருமான வரி கட்டாமல் அந்தச் சாதியின் நாட்டாமையாக இருக்கலாம். செத்தவர் சொத்துக்குப் போட்டு வந்த வாரிசு வரியை 1985இல் எடுத்தார்கள். சொத்து வரியில் பெரும் பணக்காரருக்கென்று இருந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22க்கு இறக்கினார்கள். அதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். அதை யாரும் ஓசி என்று சொல்லவில்லை. அதற்கு ‘ஊக்கம்’ என்று பெயர்.

என் அம்மா ஜவ்வரிசி மில்லில் கிழங்குக்குத் தோல் சீவியவர். அவர் வருமான வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் செல்போனுக்கு நூறு ரூபாய்ச் சேவை வாங்கினால் அதன்மேல் பதினெட்டு ரூபாய் ஜி.எஸ்.டி. அம்பானிக்கும் அதே பதினெட்டுதான். சமத்துவம் இந்த ஒரு இடத்தில் மட்டும் பிசகாமல் நடக்கிறது.

இதெல்லாம் 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு தொடங்கியதென்று நினைத்தால் தப்பு. இதன் வேர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். கள்ளு, சாராய வரவு போனது. அதை ஈடுகட்ட என்ன செய்தார்? 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். கடையில் சாமான் வாங்குகிற ஒவ்வொருத்தன் மடியிலும் கை வைக்கும் வித்தை இப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்குக் கள்ளுக்குப் பதிலாக விற்பனை வரி. இன்றைக்கு இரண்டும் உண்டு. 2003 முதல் அரசே கடை திறந்து சாராயம் விற்கிறது. 2023–24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு நேரே அங்கே போகிற எங்கள் அண்ணன்மார், சித்தப்பாமார் பணமும் அதில் இருக்கிறது. குடிகாரப் பயல் என்று ஏசுகிற வாய், அவனை வரி கட்டுறவன் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறதா? (அவர்கள் குடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. அது வேறு சண்டை, அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறோம்.)

பாபாசாகேப் அம்பேத்கர் 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட் மீது பேசும்போதே இதைத் தொட்டார். வருமான வரிக்கு ஒரு வரம்புக்குக் கீழே விலக்கு இருக்கிறது. துண்டு நிலத்துக்காரனோ விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலவரி கட்டியாக வேண்டும். இதில் என்ன நியாயம் என்று கேட்டார். கேள்வி அப்படியே நிற்கிறது. வரியின் பெயர்தான் மாறியிருக்கிறது.

இப்போது பூமி சூடாகிறது என்கிறார்கள். மெய்தான், சூடாகிறது. அதற்கும் ஒரு வரி வந்தது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் ‘தூய எரிசக்தி’ வரி போட்டு, 2016இல் 400 ரூபாய் ஆக்கினார்கள். மேட்டூரில் எரிகிற கரிக்கும் அது உண்டு. கரிமேல் போட்ட வரி கரண்டுக்குள் போகும், கரண்டு மூலமாகச் சிமெண்டுக்குள்ளும் துணிக்குள்ளும் போகும், கடைசியில் வாங்குகிறவன் தலையில் இறங்கும். சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் என்று சொல்லி வாங்கிய வரி 2017 ஜூலையில் என்ன ஆனது? அதே 400 ரூபாயை ஜி.எஸ்.டி. இழப்பீட்டு வரி என்று பேர் மாற்றி மாநிலங்களின் நட்டத்தை அடைக்கத் திருப்பினார்கள். 2025 செப்டம்பரில் அந்தப் பேரும் போய், கரிமேல் ஜி.எஸ்.டி. 5இலிருந்து 18 விழுக்காடு ஆனது. தூய காற்றுக்கென்று தனியாக எடுத்து வைத்த காசு பொதுச் சட்டியில் விழுந்துவிட்டது.

நமக்கு இது புதுசு இல்லை. தலித் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கச் சொல்லித்தான் 1979–80இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. அந்தப் பணத்தில் 600 கோடிக்கு மேல் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குப் போனதை உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டார். நம் பெயரில் எழுதிவிட்டு அவர்கள் ஓடி விளையாடினார்கள்.

வரி கொடுக்கும்போது பெயர் இல்லை. இழப்பு வாங்கும்போது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். நிலவரி முழுவதும் தள்ளுபடி. கூலிக்காரனுக்கு? நூறு நாள் வேலையை நூற்றைம்பது ஆக்குகிறோம் என்றார்கள். அதாவது நிலக்காரனுக்கு விளையாத பயிருக்குப் பணம், நமக்கு இன்னும் ஐம்பது நாள் வெயிலில் மண் வெட்டினால் பணம்.

2018இல் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, ஆப்பிரிக்கா வழியாகக் கர்நாடகத்தில் இறங்கி, சில மாதத்தில் நம் மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்தது. பாஸ்போர்ட்டு விசா இல்லாமல் உலகமயம் நம்ம ஊருக்கு வந்தது அப்படித்தான். குருத்தைத் தின்றது, கதிர் இல்லை. கதிர் ஒடிக்கப் போகிற பெண்களுக்குக் கூலியும் இல்லை. நிவாரணம் சிட்டா அடங்கலைப் பார்த்து வந்தது. வாரத்துக்கு ஓட்டுகிற சேரிக்காரனுக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம், அவன் பெயர் அடங்கலில் ஏறாது. பட்டா ஏன் இல்லை என்று கேட்டால், 1892 முதல் கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே போனது என்று கேட்க வேண்டிவரும். அப்படிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் சுட்டார்கள்.

அதே தொண்ணூறுகளில் டங்கல் திட்டத்தையும் காட் ஒப்பந்தத்தையும் எதிர்த்து மேடை போட்ட தோழர்கள், ‘விவசாயி அழிகிறான்’ என்றார்கள். விவசாயி என்றால் நிலம் உள்ளவன் என்றே அவர்கள் கணக்கும் இருந்தது. இப்போது பருவநிலை பேசுகிறவர்களும் அதே அகராதியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உலக அரங்கில் மட்டும் இந்திய அரசு நியாயம் பேசும். அமெரிக்காக்காரன் தலைக்கு 14 டன் கரிப்புகை விடுகிறான், நாங்கள் தலைக்கு 2 டன்தான், ஆகவே புகைவிட்டவன் பணம் கொடு என்று கேட்கும். 2024இல் பாக்கு மாநாட்டில் பணக்கார நாடுகள் 2035க்குள் வருஷத்துக்கு 300 பில்லியன் டாலர் என்றபோது, போதாது என்று எதிர்த்தது. எதிர்த்தது சரி. ஆனால் அந்த இரண்டு டன் சராசரியை யார் குறைத்துக் கொடுத்தது? ஓட்டு வீட்டில் ஒற்றை விசிறியோடு தூங்குகிற நாம். நம் வறுமையைக் காட்டி வெளியே பேரம், உள்ளே மூன்று கார்க்காரனும் நாமும் ஒரே சராசரி.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அறிவித்தது. வெயிலில் செத்தால் 4 லட்சம். அதற்கு வெயிலால்தான் செத்தான் என்று காகிதம் வேண்டும். சாகாமல், பங்குனி சித்திரையில் பன்னிரண்டு மணிக்குமேல் நிற்க முடியாமல் அரைநாள் கூலியோடு வீடு திரும்புகிறவளுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நிலத்துக்கு அடங்கல் இருப்பதுபோல, அந்த நிலத்தில் உழைக்கிறவளுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும். மழை பொய்த்தாலும் புழு வந்தாலும் வெயில் கொளுத்தினாலும், ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதும்போதே கூலிநாளுக்கு இவ்வளவு என்று அதிலும் எழுதட்டும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், 2019இல் கம்பெனிக்காரனுக்கு விட்டுக்கொடுத்த இடத்திலிருந்து வரட்டும்.