ஜெனரேட்டர் கரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. மழைக்காலத்துக்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று நினைத்த விஷயம், பொறுமையாகப் படியுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலே இல்லாத நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் விடவில்லை. அதற்குப் பிறகு தியாகதுருகத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வந்துவிட்டது. அதில் ஒன்று என் வீட்டில். நம் வீட்டில் ஃபேன் ஓடும்போது பக்கத்து வீட்டில் கைக்குழந்தை புழுக்கத்தில் அழுதால் யாருக்கும் மனசு கேட்காது. கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எனக்கும் தெருவுக்கும் தகராறு.

தெருவில் நடக்கும் வழி இது. ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டுவார்கள். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில். வீடு முழுக்க விளக்கு எரியும். ஐந்து நிமிட வேலை. என்னிடம் கேட்டபோது முடியாது என்று சொன்னேன். "வாத்தியார் ரொம்பத்தான் பிகு பண்றார்" என்ற பேச்சும் காதுக்கு வந்தது. வரட்டும்.

பள்ளியில் ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி என்று படித்தீர்களே, நினைவிருக்கிறதா? நம் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்ற அளவுக்கு இறக்கித் தருகிறது. அந்த இரும்புப் பெட்டிக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. இந்தப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் கொடுத்தால், அந்தப் பக்கம் ஏறக்குறைய 10,000 வோல்ட்டாக ஏற்றிக் கொடுத்துவிடும். சுவர் பிளக்கில் செருகிய கரண்ட் வீட்டு ஒயரிங் வழியாக மீட்டருக்கும், மீட்டரிலிருந்து கம்பத்துக்கும் போகும். கம்பத்தில் யார் இருப்பார்? கரண்ட் இல்லை என்று நம்பி ஏறிய லைன்மேன்.

சிலர் கேட்பார்கள்: "சின்ன ஜெனரேட்டர் சார், தெரு லோடு முழுவதையும் இழுத்தால் தானாக நின்றுவிடுமே?" பல நேரம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் புயலில் நம் கம்பத்துக்குப் பக்கத்திலேயே கம்பி அறுந்திருந்தால் அந்தத் துண்டில் இரண்டு மூன்று வீடுதான் இருக்கும். ஜெனரேட்டர் நிற்காது. டிரான்ஸ்ஃபார்மர் வரை போகாவிட்டால் என்ன, ஈரக் கையோடு நிற்பவரைக் கொல்ல 230 வோல்ட்டே போதும்.

2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர் ஊராக ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். வேலை பார்க்கப் பல மாவட்டங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் போனார்கள். எந்தத் தெருவில் எவர் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று வெளியூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? நாளை நம் ஊருக்கும் அப்படித்தான் யாராவது வருவார்கள்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டா போதாதா?" இதுதான் அடுத்த கேள்வி. போதாது. பழைய வீடுகளில் ஃப்யூஸைப் பிடுங்கினால் ஃபேஸ் மட்டும்தான் அறும், நியூட்ரல் அப்படியே தெருவோடு இணைந்திருக்கும். அதைவிட, ஆஃப் பண்ணியதை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள், வீட்டுக்கு வந்த மைத்துனர் வைத்திருப்பாரா? அவர் மெயினைப் போட்ட நேரத்தில் ஈ.பி. கரண்ட் வந்தால், ஜெனரேட்டரின் காயில் கருகிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். போதாததற்கு, அந்த ஒயரின் ஒரு பிளக் கழன்று விழுந்தால் கரண்ட் ஓடும் இரண்டு பித்தளைப் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை கை வைக்கும் உயரத்தில்.

நான் கொடுக்கும் முறை வேறு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மூன்று கோர் கேபிள். என் ஜெனரேட்டரிலிருந்து காம்பவுண்டு சுவர் மேலாகப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே உள்ளே போகும். அதன் முனையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். டேபிள் ஃபேன், ஒரு விளக்கு, போன் சார்ஜர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் பிளக்கை நேராக அதில் செருக வேண்டும். அவர்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டை இந்தக் கரண்ட் தொடவே கூடாது. என் பக்கத்தில் அந்த லைனுக்குத் தனியாக 10 ஆம்பியர் எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்திருக்கிறேன். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்க மாட்டார்கள். அப்படியே விட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லாமல் போகலாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபிளைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சூடேறும். நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தால் மழையில் அதுதான் எமன்.

வீடு முழுக்க எரிய வேண்டும் என்றால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டுக்கொள்ளலாம். ஈ.பி.யும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். அது அவரவர் வீட்டுக்கு. அடுத்த வீட்டுக்குக் கேபிள்தான்.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நம் ஊரில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சத்தம் கேட்கக் கூடாது என்று ஜெனரேட்டரை இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் வைக்கிறோம். அங்கேதான் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் இருக்கும், அதன் வழியாகத்தான் கேபிளும் போகிறது! கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஆகவே சந்து வேண்டாம், வராண்டா வேண்டாம். மழை படாத மறைப்போடு, இரண்டு வீட்டு ஜன்னலுக்கும் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். பெட்ரோல் ஊற்றுவது எஞ்சினை அணைத்து ஆறிய பிறகு.

யாருக்கு முதலில் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் சுமார் 1,600 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனுக்கு 75 வாட், எல்.இ.டி. பல்புக்கு 9 வாட், கணக்குப் பண்ண மாட்டீர்களா? அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், தண்ணீர் மோட்டார் கிடையாது என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் பெரியவர் இருந்தால் முதல் உரிமை அவருக்கு. சுமார் 350 வாட்தான். ஆனாலும் என் ஜெனரேட்டரை நம்பி அவர்கள் இருக்கக் கூடாது, ஒரு சிலிண்டர் கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் காசு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சே இல்லை. அவர்கள் ஒரு கேன் வாங்கி வந்து வைத்துவிடுகிறார்கள்.

அறுந்த கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல் மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் ஈ.பி.யில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். கம்பத்தில் ஏறும்போது வீட்டு ஜெனரேட்டர் கரண்ட் வந்து அடித்த அனுபவம் உங்களுக்கோ உடன் வேலை பார்ப்பவர்களுக்கோ இருந்தால் கீழே எழுதுங்கள். வாத்தியார் சொன்னால் கேட்காத என் தெருக்காரர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.