காட்டில் நடந்ததும் கல்யாணம்தான்

என் ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மாருக்கும், அக்கா தங்கைகளுக்கும்:

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். பத்திரிகையை அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தேன். கனமான அட்டை, பொன்னெழுத்து. அத்தைமார் வரிசையில் பெரியக்காவும் அத்தானும், சின்னக்காவும் அத்தானும், அவரவர் ஊர்ப்பெயரோடு இருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில் தாய்மாமன்மார் ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி அத்தையான நான் இல்லை. என் வீட்டுக்காரர் இல்லை. மழலை மொழியில் அழைக்கும் பிள்ளைகளில் என் மகனும் இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். "ஊர்ல கேப்பாங்கத்தா. கல்யாணமே நடக்காத பிள்ளைக்கு மாப்பிள்ளை பேரு எப்புடிப் போடுறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு" என்றார். யார் பேசியது என்று அவர் சொல்லவில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கல்யாணம் நடந்தது. எப்படி நடந்தது என்று உங்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. நானே சொல்கிறேன்.

கனடாவில் வான்கூவரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கப்பலில் போனால் நனைமோ. அங்கிருந்து போர்ட் ஆல்பர்னி போகிற சாலையில், கேமரன் ஏரியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு. கதீட்ரல் குரோவ் என்று பெயர். டக்ளஸ் ஃபிர் மரங்கள். சிலவற்றுக்கு வயது 800. மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சாவூரைக் கொளுத்தினானே, அந்தக் காலத்தை ஒட்டி முளைத்தவை. இருப்பதிலேயே பெரிய மரத்தைக் கட்டிப்பிடிக்க ஆறேழு பேர் கைகோக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாது.

எங்களோடு வந்தவர்கள் மூன்றே பேர். அரசாங்கம் நியமித்த திருமண ஆணையர், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சாட்சிக்கு என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபிப் பெண், அவருடைய சிநேகிதர் ஒருவர். வான்கூவர் இருக்கும் மாகாணத்தில் இரண்டு சாட்சியும், 100 டாலர் கட்டி வாங்கிய உரிமமும், நடத்திவைக்க உரிய ஒருவரும் இருந்தால் போதும். உரிமம் மூன்று மாதம் செல்லும். சட்டம் கேட்கிற வாசகங்களைச் சொன்னோம். பிறகு என் வீட்டுக்காரர் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். விரலி மஞ்சளைக் கோத்து நானே திரித்த கயிறு. மூன்றாம் முடிச்சை அந்தப் பஞ்சாபிப் பெண் போட்டார். மழையில் கயிறு நனைந்து, மஞ்சள் கழுத்தெல்லாம் வழிந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. 1997 புத்தாண்டு அன்று அடித்த பெருங்காற்றில் அந்தக் காட்டில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தனவாம். சாய்ந்தவற்றில் பலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்து மரத்தின் முதுகில் பாசி படர்ந்து, அதன் மேல் விரல் உயரக் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன.

என் வீட்டுக்காரர் எந்த ஊர், என்ன ஆட்கள் என்றுதான் நீங்கள் முதலில் தேடுவீர்கள். அதற்கு இந்த மடலில் பதில் எழுதப் போவதில்லை.

ஊர் கூடாமல் நடந்தது கல்யாணமா என்று கேட்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வள்ளி திருமணம் போடுகிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம். பபூன் வந்து போனபிறகு தூங்கப் போகிறவர்கள்கூட, வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் என்றால் எழுந்து வந்து உட்காருவார்கள். தினைப்புனத்தில் காவலிருந்த பெண், பெற்றவர்களுக்குத் தெரியாமல் காட்டில் மனசைக் கொடுக்கிறாள். நம்பிராஜன் வருகிற சத்தம் கேட்டதும் முருகன் வேங்கை மரமாக நிற்கிறார். அதற்கு நீங்கள் குலவையிடுகிறீர்கள். அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த மடியில் கிடந்துதான் நான் அந்தக் கதையைப் படித்தேன். கதை அதோடு நிற்கவில்லை. கடைசியில் நம்பிராஜனே மனமுவந்து மகளைக் கொடுக்கிறார். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

சாமி கதை வேறு, சட்டம் வேறு என்பீர்கள். நம்முடைய சட்டத்தையே பாருங்கள். 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினரோ நண்பரோ சிலர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் செல்லும் என்றார்கள். வக்கீல் அறையில் யாருக்கும் தெரியாமல் நடக்கிற கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரறிய அறிவித்தால்தான் கல்யாணம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டு எதிர்ப்புக்கும் உயிருக்கும் பயந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றது. நான் கனடாவில் செய்ததை ஒரு பெண் நம் ஆலங்குடியிலேயே செய்யலாம். செய்துவிட்டு உயிரோடும் மரியாதையோடும் அங்கேயே இருக்க முடியுமா என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியக்கா கல்யாணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பந்தலில் மூன்று பந்தி. அதற்கு அப்பா விற்ற கொல்லையை இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். அக்காவின் நகை வருஷம் திரும்புவதற்குள் அடகுக் கடைக்குப் போனது. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் பெயரில் ஒரு ரூபாய் கடன் ஏறக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன், அதன்படி செய்தேன். இன்று சொந்தச் சம்பளத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். என் மகன் தமிழ் எழுதுகிறான். இதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அப்பா எழுதிய மொய் இருக்கிறது. எத்தனை வீட்டு விசேஷம், எத்தனை மொய் விருந்து! விதை நெல்லுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய் எழுதிவிட்டு வருவார். கடைசிப் பிள்ளை கல்யாணத்தில் திரும்ப வரும் என்று நோட்டில் தனிப் பக்கமே ஒதுக்கியிருந்தார். நான் அந்தப் பக்கத்தை வெறும் பக்கமாக்கிவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாங்கியவர்களுக்கும் அது தெரியும். "விருந்து போடாத வீட்டுக்கு மொய் ஏது?" என்று சொல்லி இருந்துவிட்டீர்களே, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதில் கால்வாசி வந்திருந்தாலும் அம்மா அலைந்திருக்க மாட்டார். நான் அனுப்பினேன். பணத்தைத்தான் அனுப்ப முடிந்தது. பக்கத்தில் நின்று தலையைத் தாங்கியது நீங்கள். அதை மறக்கவில்லை. மதினி இரவெல்லாம் கண்விழித்ததை நான் எந்த நாட்டில் இருந்தாலும் மறக்க முடியாது. எனக்கென்று அம்மா எடுத்துவைத்த கூறைப்பட்டு இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இவ்வளவையும் மனதில் போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். போன வாரம் வந்த மண்டபப் பட்டியல்தான் என்னை எழுத வைத்தது. அய்யனார் கோயில்காட்டின் கிழக்குப் பக்கத்தை அழித்துக் கல்யாண மண்டபமும் கார் நிறுத்த இடமும் கட்டப் போகிறீர்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பங்குக்கு ஆளுக்கு ஐம்பதாயிரம். அந்தப் பட்டியலில் என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் முதலெழுத்தோடு, ஜோடியாக, பிழையில்லாமல் இருக்கின்றன. பத்திரிகையில் இல்லாத மாப்பிள்ளை நன்கொடைச் சீட்டில் எப்படி வந்தார்?

அந்தக் காட்டில் சுள்ளி ஒடித்தால் அய்யனார் கண்ணைக் குத்திவிடுவார் என்று எங்களை வளர்த்தவர்கள் நீங்கள். வீரையும் உலக்கைப்பாலையும் காயாவும் அந்தப் பயத்தினால்தான் நிற்கின்றன. புரவி எடுப்புக்கு வந்து அவற்றின் நிழலில்தான் பொங்கல் வைக்கிறோம். கதீட்ரல் குரோவ் யாருடையதாக இருந்தது தெரியுமா? மரம் அறுத்து விற்பதையே தொழிலாகக் கொண்ட மெக்மில்லன் என்ற முதலாளியுடையது. அங்குள்ள மக்கள் விடாமல் கேட்டார்கள். 1944இல் அவர் 330 ஏக்கருக்கு மேல் பொதுவுக்கு எழுதிக் கொடுத்தார். 1947இல் அது அரசுப் பூங்கா ஆனது. மர வியாபாரி விட்டுக்கொடுத்திருக்கிறார். காட்டையே சாமியாகக் கும்பிடுகிற நாம் வெட்டப் போகிறோம், அதுவும் வருஷத்தில் பத்துப் பதினைந்து முகூர்த்தத்துக்காக.

மண்டபத்துக்கு எங்கள் பங்கு வராது. காட்டைச் சுற்றி வேலி போடவும், ஊருணியைத் தூர் வாரவும் எவ்வளவு ஆகும் என்று கணக்கு எடுத்து அனுப்புங்கள். ஐம்பதாயிரத்துக்கு மேலேயே தருகிறோம். ஆவணியில் சின்னக்கா மகன் கல்யாணம் வருகிறது. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் சித்தி, சித்தப்பா என்று எங்கள் இருவர் பெயரையும் போட்டுவிடுங்கள். ஊர்ப்பெயர் கேட்டால் வான்கூவர் என்று எழுதுங்கள். அம்மாவின் பட்டைக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் வீட்டுப் பெண்