நம் கதையைச் சொல்ல நாம்தான் போக வேண்டும்



ஞாயிற்றுக்கிழமையில் தேக்காவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் ஆங் மோ கியோவில் எத்தனை இருக்கும்? காய்கறி வாங்குகிறோம். பூ வாங்குகிறோம். கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறோம். போகும் வழியில் கேம்பல் லேனில் கண்ணாடி முகப்போடு நிற்கிறது இந்திய மரபுடைமை நிலையம். 2015 மே மாதம் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் நம்மில் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறோம்?

போய்ப் பாருங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். அங்கே தொண்டூழியராகச் சேருங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

ஏன்? உள்ளே செட்டிநாட்டு வீடு ஒன்றின் வாசல் நிலை இருக்கிறது. சுமார் 5,000 நுண்ணிய உருவங்கள் செதுக்கப்பட்ட 19-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. தொழிலாளர்களின் வரலாற்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். செல்வர் வீட்டு வாசற்கால் நூறாண்டு தாங்கும். லயத்தில் குடியிருந்தவர் வீட்டில் என்ன மிஞ்சும்? ஒரு தூக்குச்சட்டி, மங்கிய புகைப்படம், பெட்டிக்கு அடியில் ஒரு பழைய அடையாளச் சீட்டு. அவற்றையும் வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

இந்த ஊரைக் கட்டியதில் நம் மக்களின் பங்கு சிறியதா? 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சாலை போட்டார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியது அவர்களின் உழைப்பு. பின்னர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர்களும் வந்தார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தவர்களின் வழிபாட்டில் வளர்ந்ததுதான் இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். இவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பெயர் எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சயாம் மரண ரயில் பாதையே சாட்சி. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டு போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுப் படைவீரர்கள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. படையில் பதிவேடு இருந்தது, ஆகவே பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. அதே காட்டில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு? பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை!

நமக்குக் காலமும் குறைவு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசிய சிங்கப்பூர் இந்தியர்கள் 36.7 விழுக்காடு. 2020-இல் அது 27.9 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியர் எல்லாரும் தமிழர் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் சரிவு சரிவுதான். பாட்டி சொல்லும் கதை பேரனுக்குப் புரியாமல் போகும் நாள் தூரத்தில் இல்லை. கங்காணி என்றால் யார், பிரட்டு என்றால் என்ன என்று கேட்டால், புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் புளோக்குகளில் இருக்கிறார்கள். மாலையில் வெற்றுத்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நமக்கு ஏது நேரம்? படிப்பும் இல்லையே!" என்று சிலர் சொல்லலாம். ஷிப்டு வேலை, ஓவர்டைம், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் அரும்பொருளகத்தில் வருகையாளர்களுக்கு விளக்கம் சொல்வது மட்டுமே தொண்டூழியம் அல்ல. விழா நாட்களில் கூட்டத்தை வரவேற்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வார்த்தை சொல்லலாம். கூட்டமே ஆகாது என்பவர்களுக்கும் வழி உண்டு. தேசிய ஆவணக் காப்பகம் 2015-இல் ஒரு பொதுமக்கள் திட்டத்தைத் தொடங்கியது. பழைய புகைப்படத்தில் இருப்பது எந்த இடம், என்ன நிகழ்ச்சி என்று தெரிந்தவர்கள் இணையம் வழியே எழுதித் தரலாம். பாட்டி பார்த்துச் சொல்ல, பேத்தி தட்டச்சு செய்யட்டுமே!

அரும்பொருளகங்களுக்கும் ஒரு வார்த்தை. தொண்டூழியர் பயிற்சி வாரநாள் காலையில் என்றால் துப்புரவாளரும் பேருந்து ஓட்டுநரும் எப்படி வருவார்கள்? பயிற்சி ஆங்கிலத்தில் மட்டும் என்றால் விஷயம் தெரிந்த முதியவர் வாசலிலேயே நின்றுவிடுவார். வார இறுதியிலும், தமிழிலும் பயிற்சி கொடுங்கள். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. உழைத்தவர்களின் வரலாற்றை உழைத்தவர்களின் வாயால் கேட்பதுதான் முறை.

பெற்றோர்களே, ஆங் மோ கியோவில் எம்ஆர்டி ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. இந்த மாதம் ஒரு நாள் பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு போங்கள். "தொண்டூழியராகச் சேர என்ன செய்ய வேண்டும்?" என்று முகப்பில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். பழைய பெட்டியைத் திறந்து, இருப்பதை எறியாமல் எடுத்து வையுங்கள். யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நம் கதையை அடுத்தவர் அரைகுறையாகச் சொல்கிறார் என்று காப்பிக் கடையில் குறைபட்டுக்கொண்டால் போதுமா? சொல்லத் தெரிந்தவர் நாம். போய்ச் சொல்வோம்!